கும்மிடிப்பூண்டியில் வாடகைக்கு வீடு தேடுவோர் கவனத்திற்கு

சிப்காட் வேலைக்காகவோ, ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போய்வரவோ கும்மிடிப்பூண்டியில் குடியேற நினைக்கும் நண்பர்கள், புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் ‘முதல் மாத வாடகை இல்லை’ என்ற பலகையைக் கண்டவுடன் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்த ஒரு வீட்டில், பதினோரு மாதம் முடியுமுன் காலி செய்தால் அந்த இலவச மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மெயின்டனன்ஸ் தனி. குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரித்தது. ஆகவே குடிநீர் கேனுக்கும் மாதந்தோறும் செலவாகும்.

வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். சலுகையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள்.