அம்மாவின் மணி ஆறு மணிக்குக் கேட்டது

நான் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். நெஞ்சுவலி என்று வந்தவரின் இரத்தத்தில் ட்ரொபோனின் பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. கொஞ்சம் இரத்தம், ஒரு இயந்திரம், ஒரு மணித்தியாலத்துக்குள் இதயத் தசை அடிபட்டிருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான், அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த அன்று பெரியாஸ்பத்திரியில் நான் முதலில் கேட்டது, "என்ன பிளட் டெஸ்ட் எடுத்தீங்கள்?" என்று. இளம் டொக்டர் ஒருவர் அதற்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டார்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?"

எங்களிடம் பதில் இல்லை.

போன ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தை வீடு. ஆறு இருபதுக்கு நான் எழும்பி வந்தபோது அம்மா சாமியறை வாசலில் சுவரோடு சாய்ந்து இருந்தார். குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்த கறுப்பு. பக்கத்தில் கைமணி உருண்டு கிடந்தது. அம்மாவின் இடக்கை மடியில் விழுந்து கிடக்கிறது, ஆனால் அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, அது தன்னுடைய கை இல்லை என்பதுபோல. வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது. "ஒண்டுமில்லை பிள்ளை, எழும்பேலாமல் கிடக்கு" என்றார், அதுவும் குழறிக் குழறி. மூளையின் வலப்பக்கம் அடைபட்ட சிலருக்குத் தனக்கு நோய் வந்திருப்பதே தெரியாது என்று பிறகு சொன்னார்கள். அதனால், அவரே ஒன்றுமில்லை என்கிறாரே என்று தயவுசெய்து யாரும் காத்திருக்காதீர்கள்.

அண்ணா உடனே 1990க்கு அடித்தார். 2016இல் தொடங்கிய இலவச அம்புலன்ஸ் சேவை, சுவசெரிய. அவர்கள் வரும்வரை அண்ணி இஞ்சித் தேத்தண்ணி ஊற்றப் போனார், பக்கத்து வீட்டுக்காரர் டிஸ்பிரின் (அஸ்பிரின் குளிசை) கொண்டுவந்தார், இரண்டையும் நான் தடுத்தேன். விழுங்கும் தசையும் பாதிக்கப்பட்டிருந்தால் தேத்தண்ணி நுரையீரலுக்குள் போய்விடும். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பா இரத்தக்கசிவா என்று தெரியாமல் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது, கசிவாக இருந்தால் அது இன்னும் கெடுதல். இதற்கிடையில் அண்ணா கிட்ட இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கும் பேசிப் பார்த்தார். ஸ்கான் எடுப்பவர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். அம்புலன்ஸில் வந்த பையன் விரலில் குத்தி முதலில் சீனி பார்த்தான். சீனி மிகவும் இறங்கினாலும் பாரிசவாதம் போலவே கை விழும், வாய் கோணும். அம்மாவுக்கு 148. பிரஷர் 192க்கு 104.

ஏழு மணிக்குள் பெரியாஸ்பத்திரிக்குள் போய்விட்டோம். அங்கேதான் அந்தக் கேள்வி. இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போடுவார்கள். 1995இல் வெளிவந்த அமெரிக்கப் பரிசோதனை அதை மூன்று மணித்தியாலம் என்று வைத்தது, 2008இல் வெளிவந்த ஐரோப்பியப் பரிசோதனை நாலரை வரைக்கும் நீட்டியது. தொடங்கிய நேரம் யாருக்கும் தெரியாவிட்டால், நோயாளி கடைசியாக நல்லபடி இருந்ததாக ஒருவர் உறுதியாகச் சொல்லக்கூடிய நேரத்திலிருந்து எண்ணுவார்கள். நான் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது முதல்நாள் இரவு பத்தரைக்கு. அப்படி எண்ணினால் எட்டரை மணித்தியாலம். ஊசி இல்லை.

அண்ணா வீட்டுக்கு ஃபோன் போட்டார். அண்ணி மேல்மாடிக்கு ஓடினார். மேல்வீட்டு ராத்தா சுபஹுத் தொழுதுவிட்டு ஜன்னலடியில் ரேடியோவோடு இருப்பவர். "ஆறு மணி நியூஸ் தொடங்கக்குள்ள மணி கேட்டிச்சு, வளமை மாதிரித்தான், நல்லா ஆட்டினா" என்றாராம். டொக்டரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். மணி எந்தக் கையில் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். கற்பூரத் தட்டு வலக்கையில், மணி இடக்கையில், எங்கள் வீட்டில் என்றைக்கும் அப்படித்தான். ஆறு மணிக்கு அந்த இடக்கை மணி ஆட்டியிருக்கிறது. நோட்டில் '6.00' என்று எழுதி வட்டம் போட்டார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கையைத் தூக்கு, கண்ணை மூடு, இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லு என ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். அம்மாவுக்குச் சிங்களம் கடைக்குப் போய்வருமளவுக்குத்தான் தெரியும். மொழி விளங்காமல் செய்யாததை மூளை செய்யவில்லை என்று எடுத்துவிடக் கூடாதே என்று நான் தலைமாட்டில் நின்று ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். "அம்மா, கண்ணை மூடுங்கோ. இப்ப என்ர விரலை இறுக்கிப் பிடிங்கோ." வலக்கை பிடித்தது. சிடி ஸ்கானில் கசிவு இல்லை. பிரஷரை 185க்கு 110 என்ற அளவுக்குக் கீழே இறக்கினார்கள். போன மாதக் கிளினிக் கொப்பியில் நிறை 58 கிலோ என்று இருந்தது. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், ஆக 52 சொச்சம். அதில் பத்தில் ஒன்று ஒரே தடவையில், மிச்சம் ஒரு மணித்தியாலம் முழுக்க மெதுவாக. ஏழு ஐம்பதுக்கு ஊசி ஏறத் தொடங்கிவிட்டது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இரத்த எண் சீனி ஒன்றுதான். இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர் என்றால் வேறு, அம்மா அப்படி எதுவும் எடுக்கவில்லை, அதனால் மற்ற ரிப்போர்ட்டுகளுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

வெளியே வாங்கில் இருந்தபடி, மாரடைப்புக்கு இருப்பதுபோல் மூளைக்கு ஏன் ஒரு டெஸ்ட் இல்லை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு வாசித்தும் கேட்டும் விளங்கியது இது. இரத்தம் நின்றதும் நரம்புக் கலங்களுக்குச் சக்தி போய்விடுகிறது, உப்பை வெளியே தள்ளும் பம்புகள் நிற்கின்றன, நரம்புகள் செய்தி அனுப்பும் இரசாயனமான குளூட்டமேட் கொட்டுகிறது, கல்சியம் உள்ளே பாய்ந்து கலத்தை உள்ளிருந்தே அழிக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகும் என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் சாகும் கலங்களில் இருந்து வெளிவரும் புரதம் மூளைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பைத் தாண்டித்தான் எங்கள் பரிசோதனைக் குழாய்க்கு வர வேண்டும். அடைப்பில் அது மெதுவாகத்தான் கசியும். ஜிஎஃப்ஏபி என்று ஒரு புரதம், நரம்புக் கலங்களைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவக் கலங்களில் இருப்பது. இரத்தக்கசிவில் அந்தக் கலங்கள் உடனே உடைவதால் முதல் சில மணித்தியாலங்களிலேயே அது இரத்தத்தில் ஏறிவிடும், அடைப்பில் பிந்தித்தான் ஏறும். அந்த வித்தியாசத்தை வைத்து அம்புலன்ஸிலேயே கசிவா அடைப்பா என்று பிரிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். ஆனால் சின்னக் கசிவு அதில் தப்பிவிடலாம், ஆகவே இன்றைக்கும் ஸ்கான் எடுக்காமல் ஊசி போட முடியாது. நேரம் தெரியாதவர்களுக்கு எம்ஆர்ஐ உதவும் என்று 2018இல் ஒரு பெரிய பரிசோதனை காட்டியது: ஒரு வகைப் படத்தில் மூளை அடிபட்ட இடம் தெரிந்து, இன்னொரு வகையில் இன்னும் தெளிவாகத் தெரியாவிட்டால், அது அநேகமாகப் புதிதாக வந்ததுதான். ராத்தா அன்று மணியைக் கேட்டிருக்காவிட்டால் எங்களுக்கு மிஞ்சியிருந்தது அந்த வழிதான்.

அடுத்த நாள் மறுபடி சிடி. கட்டியைக் கரைக்கும் மருந்து, ஏற்கெனவே பழுதான குழாய்ச் சுவரில் கசிவை உண்டாக்கலாம், அதனால் 24 மணித்தியாலம் கழித்துப் படம் பார்த்த பிறகுதான் அஸ்பிரின். கசிவு இல்லை. அம்மாவின் விரல்கள் மூன்று அசைந்தன.

இனிக் காரணம் தேடும் வேலை. இங்கேதான் என் இரத்தப் பரிசோதனைகள் உள்ளே வந்தன. ட்ரொபோனின் கொஞ்சம் கூட இருந்தது, நான் பதறிப்போனேன். மூளை அடிபட்டாலே இதயத்திலும் அது ஏறலாம், நெஞ்சுவலி இல்லை, ஈசிஜி நல்லாக இருக்கிறது, திரும்பப் பார்ப்போம் என்றார்கள். திரும்ப எடுத்ததில் ஏறவில்லை. கழுத்து இரத்தக்குழாய்களைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கானில் பெரிய அடைப்பு இல்லை. என்டி-ப்ரோபிஎன்பி 600ஐத் தாண்டியிருந்தது. இதயத்தின் மேலறை சிரமப்படும்போது ஏறும் எண் அது, இதயத்திலிருந்து கட்டி கிளம்பிய பாரிசவாதத்தில் கூடுதலாகக் காணப்படுவது. அப்படியானால் இரத்தம் உறையாத மருந்தை உடனே தொடங்கலாமே என்று கேட்டேன். இல்லை என்றார் பெரிய டொக்டர். 2024இல் வெளிவந்த ஆர்கேடியா பரிசோதனையில், இந்த எண் 250க்கு மேல் இருப்பது போன்ற அடையாளங்களை வைத்து ஆயிரம் பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, பாதிப் பேருக்கு அபிக்ஸபான் என்ற அந்த வகை மருந்து, பாதிப் பேருக்கு அஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பாரிசவாதம் திரும்ப வந்தது வருடத்துக்கு 4.4 சதவீதம். எண் சந்தேகத்தைத்தான் தரும், இதயம் தாளம் தப்புவதை நேரில் பிடிக்க வேண்டும்.

இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதியும் ஹோல்டர் கருவியில் ஒன்றும் இல்லை. அத்தோடு விட மனம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஏழு நாள் ஒட்டிவைக்கும் கருவி ஒன்று போட்டோம், காசு கொஞ்சம் கூடத்தான். ஐந்தாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு அது அகப்பட்டது, நாற்பது நிமிடம் நீடித்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிப்பது. அம்மா அப்போது நல்ல நித்திரை. அடுத்த கிளினிக்கில் சிறுநீரகம் பார்த்து, அஸ்பிரினை நிறுத்தி, அபிக்ஸபான் தொடங்கினார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, தவறவிடக் கூடாது.

இப்போது அம்மா நடக்கிறார். பூசை நடக்கிறது. மணி இடக்கையில்தான், பிடி தளர்கிறது, நடுவில் நின்று நின்று அடிக்கிறது, ஆனாலும் கை மாற்ற மாட்டேன் என்கிறார்.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் படிவங்களில் மாதிரி எடுத்த நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுத்தான் அனுப்புகிறார்கள். முந்தி நானும் அதைக் கண்டுகொள்ளாமல் இயந்திரத்தில் ஏற்றிவிடுவேன். நேற்றும் ஒரு ட்ரொபோனின் அப்படி வந்தது. வார்டுக்கு அடித்து எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், வலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்கோ, கேட்டுச் சொல்கிறேன் என்று போன தாதி வருவதற்கு மூன்று நிமிடம் சென்றது. எடுத்தது 4.10, வலி தொடங்கியது இரண்டரைக்கு. எழுதிக்கொண்டேன்.