ஹில்குரோவ் வரை ஏறிய என் எஞ்சின்

ஒன்றரை ஆண்டாக மாடியறையில் உருவாக்கிவரும் நீலகிரி மலை ரயில் மாதிரியில், கல்லாறு தொடங்கி ஹில்குரோவ் வரையிலான ஏற்றத்தை இம்மாதம் முடித்தேன். உண்மையான பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ பதினொன்றரை வருவதால், 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தையே பயன்படுத்துகிறேன். தூரத்தை அவ்வாறு சுருக்க வழியில்லை; கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அந்த அளவில்கூட 200 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு பாலம், ஒரு குகை, ஒரு நிலையம் என்று நிறுத்திக்கொண்டேன்.

சரிவில் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. 12 அடிக்கு 1 அடி என்ற ஏற்றம், 120 செ.மீ. பலகையில் 10 செ.மீ. உயரமாகிறது, அதில் சாதாரணச் சக்கரங்கள் வழுக்கின. தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்சட்டங்களைப் பதித்து, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வருமாறு அமைப்பதே ஆப்ட் முறை. அதனால் பற்சக்கரத்தின் பிடி எக்கணமும் விடுபடுவதில்லை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் எஞ்சின் துள்ளியதால், மூன்று முறை பெயர்த்து ஒட்டினேன்.

மலையேறும்போது எக்ஸ் வகை எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும். நேற்றிரவு மூன்று பெட்டிகளை அவ்வாறே தள்ளிக்கொண்டு, அது முதன்முறையாக நிற்காமல் ஏறியது. அடுத்து நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு வர்ணம் பூசவேண்டும்.