ஆர்பிஎம்39 காணாமப் போனதுக்கு மருந்துதான் காரணம்னு நிரூபிக்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு

பிஎச்டி ரெண்டாவது வருஷம் ஆரம்பிக்கும்போது என் கைடு மேம் எனக்கு ஒரு வேலை குடுத்தாங்க, இண்டிசுலாம்ங்கிற மருந்தைப் போட்டா ஆர்பிஎம்39ங்கிற புரோட்டீன் செல்லுல அழிஞ்சுடுதுன்னு 2017லயே பேப்பர் வந்தாச்சு, அதை நம்ம லேப்ல ஒரு தடவ பண்ணிப் பாத்துட்டு மேல போகலாம்னு. அந்த ஒரு தடவைக்கு எட்டு மாசம் போச்சு. இப்ப இந்த மாதிரி வேலையில இறங்குறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

ஆர்பிஎம்39 மாதிரி, ஜீனோட நகலான ஆர்என்ஏவைப் பிடிச்சு வேலை வாங்குற புரோட்டீன் மனுஷ செல்லுல 1500க்கு மேல இருக்கு. ஆர்என்ஏவை எங்க வெட்டணும், எங்க ஒட்டணும், எவ்வளவு நேரம் விட்டு வைக்கணும்னு எல்லாம் இதுங்க கையிலதான், கேன்சர் செல்லுக்கு இதுங்க தயவு ரொம்பத் தேவை. அப்ப மருந்து குடுத்து அடைச்சுடலாமேன்னா, மருந்து போய் உக்கார ஒரு குழி வேணும், என்சைம்ல அது இருக்கும், இதுங்கள்ல பலதுக்கு ஆர்என்ஏ பிடிக்கிற இடம் தட்டையா இருக்கும், பிடிமானமே கிடைக்காது.

இண்டிசுலாம் அடைக்கிற மருந்தே இல்ல, அதனாலதான் எனக்கு அதை அவ்வளவு பிடிக்கும். செல்லுக்குள்ள வேண்டாத புரோட்டீனுக்கு அடையாளம் குத்தி அழிக்க அனுப்புற மெஷின் ஒண்ணு இருக்கு, அதுல டிசிஏஎஃப்15னு ஒரு பாகம். அது சாதாரணமா ஆர்பிஎம்39ஐத் திரும்பிக்கூட பாக்காது, இந்த மருந்து நடுவுல பசை மாதிரி உக்காந்து ரெண்டையும் ஒட்ட வச்சதும் ஆர்பிஎம்39 குப்பைக்குப் போயிடும், அதுக்கப்புறம் ஆர்என்ஏ வெட்டி ஒட்டுற வேலை தாறுமாறாகி செல் செத்துடும். ஜப்பான்ல எய்சாய் கம்பெனி கண்டுபிடிச்ச மருந்து, பேஷண்ட்டுங்களுக்கு ட்ரையல்ல குடுத்துப் பாத்தாங்க, சிலருக்குக் கேட்டுச்சு, நிறைய பேருக்குக் கேக்கல. ஏன்னு ஒரு தடயம் கிடைச்சது 2017லதான். டிசிஏஎஃப்15 அதிகமா இருக்கிற ரத்தப் புற்றுநோய் செல்லுங்களுக்கு மருந்து நல்லா கேக்குதுன்னு அப்பதான் வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி ட்ரையல்ல சேந்தவங்கள்ல யாருக்குக் கேக்கும்னு டெஸ்ட் பண்ண ஒரு வழியே இல்லைன்னு நினைக்கும்போது இப்பவும் மனசு கனத்துடும்.

சரி என் கதைக்கு வர்றேன். எச்சிடி116 குடல் கேன்சர் செல் எடுத்து, 2 மைக்ரோமோலார் மருந்து போட்டு 48 மணி நேரம் விட்டு வெஸ்டர்ன் பிளாட் பண்ணேன், ஒரு புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு பேண்டா, அதாவது கோடா காட்டுற டெஸ்ட் அது. மருந்து போட்ட லேன்ல ஆர்பிஎம்39 பேண்டே இல்ல. சந்தோஷத்துல அப்பவே மேம்கிட்ட ஓடினேன். அவங்க ஒரு நிமிஷம் பாத்துட்டு, "என்னம்மா, கீழ ஆக்டினும் இறங்கியிருக்கே, செல்லே செத்துட்டிருக்கு, சாகுற செல்லுல எந்த புரோட்டீன்தான் குறையாது?"ன்னாங்க. ஆக்டின்ங்கிறது எல்லா செல்லுலயும் இருக்கிற புரோட்டீன், அளவு ஒப்பிடத்தான் அதையும் பாக்குறது. திரும்பிப் பாத்தா ஆமா, ஆக்டின் பேண்ட் பாதிதான் இருக்கு, நான் பாக்கவே இல்ல.

அதுக்கப்புறம் 2, 4, 6, 12 மணி நேரம்னு தனித்தனியா எடுத்தேன். 6 மணி நேரத்துல செல்லெல்லாம் மைக்ராஸ்கோப்ல நல்லா ஒட்டிக்கிட்டு பரந்து இருக்கு, ஆக்டின் அப்படியே இருக்கு, ஆர்பிஎம்39 மட்டும் இல்ல. இந்த ஒரு பிளாட்டை ஒழுங்கா எடுக்கவே ரெண்டு மாசம், நடுவுல ஆர்பிஎம்39ஐ அடையாளம் காட்டுற ஆன்டிபாடி வேற மாத்த வேண்டி வந்துச்சு. புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு சீக்கிர நேரத்துல இருந்து ஆரம்பிங்க, 48ல பாக்குறது எதையும் நம்பாதீங்க.

அடுத்து, காணாமப் போனது அந்த மெஷின் வழியாத்தானான்னு பாக்கணும். போர்டெசோமிப் போட்டு, அடையாளம் குத்தின புரோட்டீனை உடைக்கிற புரோட்டியாசோமை நிறுத்தினேன், அதான் மைலோமாங்கிற ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற அதே மருந்து, பேண்ட் திரும்ப வந்துச்சு. எம்எல்என்4924ங்கிற இன்னொரு மருந்து போட்டு அடையாளம் குத்துற மெஷினையே நிறுத்தினப்பவும் வந்துச்சு. டிசிஏஎஃப்15 ஜீனை எடுத்துட்ட செல்லுல மருந்து ஒண்ணுமே பண்ணல.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன், ஆனா செல் சாகுறது இதனாலதான்னு இன்னும் காட்டல. மருந்து வேற ஏதாவது புரோட்டீனையும் சேத்து அழிச்சு அதனால செத்தா? அதுக்குத்தான் ஜி268விங்கிற மாத்தம். ஆர்பிஎம்39ல 268வது இடத்துல கிளைசினுக்குப் பதிலா வாலின், ஜீன்ல பாத்தா ஒரே ஒரு எழுத்துதான் மாறுது, அது மாறினா பசை ஒட்டாது. ஜீனை செல்லுக்குள்ள கொண்டு போற டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட்ல இதை மாத்தணும். முதல் ரெண்டு தடவ குளோன் சீக்வென்ஸ் பண்ணிப் பாத்தா மாத்தமே இல்லாத பழைய பிளாஸ்மிட்தான் வந்துச்சு, நகலெடுக்க வச்ச அந்தப் பழையதை சரியா வெட்டி அழிக்காம விட்டிருக்கேன். மூணாவது தடவ கிடைச்சுது. ஜிஎஃப்பிங்கிற இன்னொரு புரோட்டீனை ஒட்டி செல்லுக்குள்ள அனுப்பினதால எடை கூடி பிளாட்ல அது மேல தனியா தெரியும், செல்லோட சொந்த புரோட்டீன் கீழ. மருந்து போட்டதும் ஒரே லேன்ல கீழ இருக்கிறது காணோம், மேல இருக்கிறது அசையல. டார்க் ரூம்ல அந்த ஃபிலிமை லைட்டுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னே தெரியல.

பத்து நாள் மருந்துல வச்சு, தட்டுல ஒட்டியிருக்கிற செல்லுக்கு ஊதா நிறம் ஏத்துற கிரிஸ்டல் வயலட் சாயம் ஊத்திக் கழுவினா, சாதா ஆர்பிஎம்39 வச்ச தட்டு கண்ணாடி மாதிரி காலி, ஜி268வி தட்டு முழுக்க ஊதா ஊதாப் புள்ளி. மேம் இந்த தடவ ஒண்ணும் கேக்கல, தட்டை அவங்களே போட்டோ எடுத்துக்கிட்டாங்க.

ஆனா அந்த ஊதாப் புள்ளியெல்லாம் மருந்துக்கு நடுவுல பொழைச்ச கேன்சர் செல்லுங்க. நான் ஆதாரமா வச்சிருக்கிற அந்த ஒரு எழுத்து ஒரு பேஷண்ட் உடம்புல தானா மாறினா அவங்களுக்கு மருந்து கேக்காது. அதனால சாயம் போடாம வச்சிருந்த அதே ஜி268வி செல்லுங்களைத் தூக்கிப் போடாம மைனஸ் 80ல ஃப்ரீஸ் பண்ணி வச்சிருக்கேன், இதுங்களை வேற எந்த மருந்து கொல்லும்னு அடுத்த வாரத்துல இருந்து பாக்கப் போறேன்.