சிறு வணிகத்துக்கு உள்ளாட்சி துணை நிற்கிறதா? தேதிகளைக் கேட்டுப் பாருங்கள்

சிறு வணிகர்களுக்குத் துணை நிற்போம் என்று சொல்லாத நகராட்சி எங்கும் இல்லை. அது உண்மையா என்று பார்க்க, அறிவிப்புகளையோ மானியத் தொகையையோ வைத்துக் கணக்குப் போடுவதில் பயனில்லை. 2016இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வு அமைப்பான ஜேபி மார்கன் சேஸ் இன்ஸ்டிட்யூட் அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்தது. வரவு அடியோடு நின்றுபோனால், வரிசைப்படுத்தினால் சரிநடுவில் வரும் நிறுவனம் கைப்பணத்தில் தாக்குப்பிடிப்பது 27 நாள் என்று அதில் தெரிந்தது. அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்க வேண்டும். கைப்பணம் இவ்வளவுதான் என்றால், உள்ளாட்சி செய்யும் நல்லதும் கெட்டதும் சிறு வணிகரிடம் நாள் கணக்காகத்தான் வந்து சேரும். உரிமம் வர எத்தனை நாள், பில் பணம் வர எத்தனை நாள், கடை வாசலில் தோண்டிய பள்ளத்தை மூட எத்தனை நாள். நான் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

உரிமத்தை எடுத்துக்கொள்வோம். நிலப் பயன்பாடு, கட்டட உபயோக மாற்றம், தீயணைப்பு, சுகாதாரம், கடைசியில் தொழில் உரிமம் என்று ஐந்து மேசைகள். ஒவ்வொன்றுக்கும் 15 நாள் என்று வைத்தாலும், ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்றால் 75 நாள் ஆகிவிடும். ஐந்துக்கும் ஒரே நேரத்தில் கோப்பு போனால், எது மெதுவோ அந்த 15 நாளோடு வேலை முடியும். கூடுதலான 60 நாளும் கடைக்காரர் பூட்டிய கடைக்கு வாடகை கட்டுகிறார். இதைவிட மோசமானது குறைகளைத் தவணை முறையில் சொல்வது. முதல் முறை வரைபடத்தில் அளவு இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதைச் சரிசெய்து கொடுத்தால் இரண்டாவது வாசல் இல்லை என்பார்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நாள் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏட்டில் மட்டும் “15 நாளில் முடித்தோம்” என்று பதிவாகும். நல்ல அலுவலகம் எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் எழுதும். மறுபடி கொடுக்கும்போது, மாற்றிய பகுதியைத் தவிர வேறெதிலும் புதிய ஆட்சேபம் எழுப்பாது. இந்த ஒரு விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சேவைகள் சட்டத்தில் பொது விதி. போர்ச்சுகல் 2011இல் இன்னும் ஒரு படி மேலே போய், பலவகைக் கடைகளுக்கு முன் அனுமதியையே எடுத்துவிட்டுத் தகவல் தெரிவித்தால் போதும் என்றாக்கியது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் கையில் காகிதம் இல்லாத அனுமதியைக் காட்டி வங்கியில் கடனோ, நிறுவனத்தில் காப்பீடோ வாங்குவது கடினம். நாள் கடந்ததும் சான்று தானாக அச்சாகி வரும் வசதி இருந்தால்தான் இந்த விதி கடைக்காரருக்குப் பயன்படும்.

கடை எடுக்கப் போகிறவர் செய்ய வேண்டியது இரண்டு. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்த இடத்தில் அந்தத் தொழில் நடத்தலாமா என்று எழுத்துமூலம் பதில் வாங்க வேண்டும். முன்பு துணிக்கடையாக இருந்த இடம் உணவகமாக மாறும்போது தீ வெளியேறும் வழி, புகைப்போக்கி, கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி என்று புதிதாக வந்து நிற்பவைதான் பட்ஜெட்டை உடைக்கின்றன. அடுத்து, முழு வாடகை உரிமம் கிடைத்த நாளிலிருந்துதான் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேட்க வேண்டும்.

இனி பில். உள்ளாட்சிக்குச் சரக்கோ வேலையோ கொடுக்கும் சிறு நிறுவனத்தின் கணக்கு இப்படி இருக்கும். பில் 100, செலவு 90, லாபம் 10. பணம் 120 நாள் கழித்து வருகிறது, அதுவரை 90ஐ ஆண்டுக்கு 24 சதவீத வட்டியில் புரட்டினார் என்றால், வட்டி மட்டும் 7.1. மிஞ்சுவது 2.9. வேலையில் ஒரு குறையும் இல்லாமலேயே லாபத்தில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டம் பொது அமைப்புகளுக்கு 30 நாள் கெடு வைக்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் அதிகபட்சம் 45 நாள் என்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. 30ஆக இருந்தாலும் 45ஆக இருந்தாலும் அந்த 27 நாளைத் தாண்டித்தான் நிற்கின்றன. அதிலும் கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். சட்டம் பெரும்பாலும் பொருளோ வேலையோ ஏற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுகிறது. அலுவலகம் ‘சரிபார்த்தோம்’ என்று எழுதாமலே வைத்திருந்தால், கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று வாதாடலாம். அதனால் பொருளை இறக்கிய அன்றே முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்கிவிட வேண்டும். பில்லைத் தபால் பிரிவில் கொடுத்துப் பதிவு எண் வாங்க வேண்டும். மேசையில் நேரில் கொடுத்த பில்லுக்குப் பிறந்த நாளே கிடையாது.

டெண்டர் நிபந்தனையைப் படித்தால் யாருக்காக எழுதியது என்று தெரிந்துவிடும். நகரம் முழுக்கத் துப்புரவு வேலை ஒரே ஒப்பந்தம் என்றால், ஒரு வார்டை அருமையாகப் பார்க்கக்கூடியவர் உள்ளே நுழையவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் விதி, வேலையைப் பகுதிகளாகப் பிரிக்காவிட்டால் காரணம் எழுதச் சொல்கிறது. டெண்டர் கேட்பவரின் ஆண்டு விற்பனை இவ்வளவாவது இருக்க வேண்டும் என்ற விற்றுமுதல் நிபந்தனை ஒப்பந்த மதிப்பின் இரு மடங்குக்கு மேல் போவதையும் தடுக்கிறது. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகர மன்றமும், அங்குள்ள காவல் துறை, கல்லூரிகள் போன்ற பெரிய அமைப்புகளும் சேர்ந்து தங்கள் கொள்முதலைத் திருத்தி அமைத்தன. 2012-13இல் அவற்றின் செலவில் 5 சதவீதம் நகருக்குள் தங்கியது. 2016-17இல் 18.2 சதவீதம். உள்ளூர்க்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கச் சட்டத்தில் இடமில்லாத நிலையில், பெரிய ஒப்பந்தங்களைத் துண்டுகளாக்கியும் உள்ளூரில் யாரால் எது முடியும் என்று முன்கூட்டியே கணக்கெடுத்தும் இதைச் செய்தார்கள். இன்னொன்று, பாதுகாப்பு வைப்புத் தொகை. வேலை முடிந்து ஓராண்டு கழித்தும் திரும்பாத வைப்புகளின் பட்டியலைக் கேளுங்கள். அது சிறு நிறுவனங்கள் நகராட்சிக்கு வட்டியில்லாமல் கொடுத்த கடன்.

சாலைப் பணிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் இதில் தவிர்க்கக்கூடிய நட்டமே அதிகம். குழாய் பதிக்கத் தெரு முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டிப் போட்டுவிட்டுப் பல வாரம் அப்படியே கிடக்கும். ஒப்பந்ததாரருக்குத் தோண்டிய மீட்டருக்குப் பணம் என்று ஒப்பந்தம் இருந்தால், அவர் முதலில் தோண்டத்தான் செய்வார். இயந்திர வாடகையும் ஒரே வீச்சில் முடியும். மூடிச் சீரமைத்த மீட்டருக்குத்தான் பணம் என்று மாற்றினால் அதே ஒப்பந்ததாரர் துண்டு துண்டாக முடித்துக்கொண்டே போவார். ஒரு நேரத்தில் 50 மீட்டருக்கு மேல் பள்ளம் திறந்திருக்கக் கூடாது, ஒவ்வொரு கடைக்கும் கைப்பிடியோடு ஒன்றரை மீட்டர் அகல நடைபாலம், சரக்கு இறக்கத் தினமும் இரண்டு மணி நேரம் வழி, வேலை தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் தேதி பலகையில். இவ்வளவும் டெண்டரிலேயே எழுதியிருக்க வேண்டும், பிறகு கெஞ்சிக் கேட்டு நடக்காது. கான்கிரீட் அதன் வடிவமைப்பு வலிமையை எட்ட வழக்கமாக 28 நாள் எடுத்துக்கொள்ளும் என்பதால், இரு பக்கமும் ஒன்றாகப் போட்டுவிட்டால் அந்தத் தெருவில் வண்டிக்கு வழியே இருக்காது. இங்கேயும் கைப்பணம் தாங்கும் 27 நாளுக்கும் கான்கிரீட்டின் 28 நாளுக்கும் இடையே ஒரு கடை மூடிவிடக்கூடும். குழாய், மின்கேபிள், தொலைத்தொடர்பு எல்லாம் தார் போடுவதற்கு முன்பே முடிந்ததா என்று எழுதி வாங்காமல் தார் போட்டால் அடுத்த ஆண்டு மறுபடி தோண்டுவார்கள்.

வாகன நிறுத்த விதி சத்தமில்லாமல் கழுத்தை நெரிப்பது. ஒரு காருக்கு, திரும்பும் வழியோடு சேர்த்து, சுமார் 30 சதுர மீட்டர் வேண்டும். பத்துச் சதுர மீட்டர் கடைப் பரப்புக்கு ஓரிடம் என்று விதித்தால், கடையைப்போல் மூன்று மடங்கு நிலம் காருக்குப் போகும். பழைய தெருவில் அது எங்கே கிடைக்கும்? அமெரிக்காவின் ஃபயெட்வில் நகரம் 2015இல் வணிக இடங்களுக்கு இந்த விதியையே நீக்கியது. நெடுநாள் பூட்டிக் கிடந்த கட்டடங்கள் அதன் பிறகு திறந்தன.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 30 நாளில் பதில் தர வேண்டும், பிரிட்டனில் 20 வேலை நாள். “ஏன் தாமதம்” என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில் வந்த ஒவ்வொரு உரிம விண்ணப்பத்துக்கும் வந்த தேதி, முடிந்த தேதி, எத்தனை முறை திருப்பப்பட்டது, ஒவ்வொரு பில்லுக்கும் வந்த தேதி, பணம் போன தேதி. பெயர்களை நீக்கித் தரலாம் என்று நீங்களே எழுதிவிட்டால் தனியுரிமையைக் காட்டி மறுக்க முடியாது. கிடைத்த நாட்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் வருவதையும், கடைசிப் பத்தில் ஒரு பங்கையும் பாருங்கள். சராசரி ஏமாற்றும். நிதியாண்டின் கடைசி மாதத்தில் ஒதுக்கீடு காலாவதியாகாமல் இருக்கப் பில்களை அவசரமாகத் தீர்ப்பார்கள். அந்த மாதத்தை மட்டும் காட்டினால் எந்த நகராட்சியும் வேகமானதாகத் தெரியும். ஆகவே பன்னிரண்டு மாதத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள்.