மாடித் தண்ணீர்

மே 19

ஆர்.ஓ. மெஷினின் கழிவுக் குழாயை இன்று சிங்க்கிலிருந்து எடுத்துக் குடத்துக்குள் விட்டேன். நல்ல தண்ணீர் ஒரு குடம் சேர்வதற்குள் கழிவு மூன்று குடம் நிரம்பியது. இரண்டு வருஷமாக இது அப்படியே சாக்கடைக்குப் போயிருக்கிறது. கடைக்கு மஞ்சப்பை, தலைக்குச் சீயக்காய் என்று மாறிய வீடு இது. அன்றாடம் மூன்று குடம் கண்ணில் படவே இல்லை.

மெஷின் இல்லாமலும் முடியாது. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு. பாறையிலிருந்து கரைந்து வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. காய்ச்சினாலும் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். என் முன்பல்லில் இருக்கும் பழுப்புக் கோடு சின்ன வயதில் குடித்த தண்ணீர் போட்டது. பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. பால்பல் விழுந்து முளைக்க வேண்டிய பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயது.

மே 20

கழிவுத் தண்ணீர் இனி வீடு துடைக்க, கக்கூஸுக்கு. மாட்டுத் தொட்டியில் ஊற்றலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம் என்றேன். மெஷின் ஒதுக்கிய ஃப்ளோரைடு எல்லாம் அதில்தான் இருக்கிறது. மாட்டுக்கும் பல்லும் எலும்பும் உண்டு.

ஜூன் 2

ராத்திரி கணக்குப் போட்டேன். மாடி 400 சதுர அடி. தருமபுரிக்கு ஆண்டு மழை சராசரி சுமார் 850 மில்லிமீட்டர். பெருக்கினால் 31,000 லிட்டருக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 25,000 நிற்கும். குடிக்க, சமைக்க நாலு பேருக்கு நாளுக்கு 20 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 7,300 போதும். கூட்டிக் கழித்து இரண்டு முறை சரிபார்த்தேன். நம் தலைக்கு மேலேயே இவ்வளவு இருக்கிறது!

சிக்கல் சேமிப்பில்தான். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. அந்த நாலு மாதத்துக்கே 2,400 லிட்டர் வேண்டும். இப்போதைக்கு 1,000 லிட்டர் டேங்க் இரண்டு. குறைகிற நாளுக்குத் தெருக்குழாய்க் காவிரித் தண்ணீர்.

2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மாமா போட்ட குழாய் அப்படியே இருக்கிறது. அது குழிக்குள் இறங்கி, கடைசியில் அதே பாறைக்குத்தான் போகிறது. நிலத்தடிக்கு அது நல்லதுதான். ஆனால் குடிக்கிற பங்கை மண்ணைத் தொடுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும். டேங்க் நிரம்பி வழிவது குழிக்குப் போகட்டும்.

அத்தையிடம் சொன்னதும், "நாங்க மண் வீட்ல இருந்தப்ப நாலு குச்சி நட்டு வேட்டி கட்டிப் பிடிப்போம்மா. நடுவுல ஒரு கல்லு போட்டா, தண்ணி அங்க கூடிச் சொட்டும். அந்தத் தண்ணியில பருப்பு வேகற மாதிரி வேற எதுலயும் வேகாது" என்றார். இத்தனை வருஷத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

ஜூன் 24

பிளம்பர் வந்தார். டேங்க் இரண்டும் வெயில் படாத கிழக்குச் சுவரோரம். ஜல்லி, மணல், அடுப்புக்கரி போட்ட டிரம் ஒன்று.

ஜூலை 11

முதல் மழை. மொத்தமும் பாழ். மாடியைக் கூட்டி வைக்கவில்லை. புறா எச்சமும் வேப்பஞ்சருகும் குழாயில் இறங்கி, டிரம்மையும் தாண்டி டேங்க்குக்குள் போய்விட்டது. முதல் பத்து நிமிஷ மழையை வெளியே விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்கான திருப்புக் குழாயை அடுத்த வாரம் வைக்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். 300 லிட்டர் இருக்கும், தென்னைக்கு விட்டேன். மனசே ஆறவில்லை.

ஜூலை 13

திருப்புக் குழாய் வைத்தாயிற்று. டேங்க் வாய்க்குக் கொசுவலை.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஒகேனக்கல் போய் வந்தோம். கூட்டம் சொல்லி முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற இடத்தில் ஷாம்பு பாக்கெட்டுகள் பாறை இடுக்கெல்லாம் அடைந்து கிடந்தன. பாப்பாவும் நானும் ஒரு பை நிறையப் பொறுக்கினோம். என் வீட்டுக்காரர் முதலில் ஒதுங்கி நின்றார், பிறகு அவரும் குனிந்தார்.

இந்த ஆறுதான் 2013இலிருந்து கூட்டுக் குடிநீராகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. பள்ளத்தில் ஓடுவதை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு குடத்துக்கும் கரண்ட் செலவு. திரும்பி வரும்போது பஸ் மலை ஏறுகையில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மாடித் தண்ணீர் தானாக இறங்குகிறது.

செப்டம்பர் 14

மூன்று ராத்திரி நல்ல மழை. ஒன்றரை டேங்க். மாடியை நேற்றே கூட்டி வைத்திருந்தேன், முதல் தண்ணீரையும் வெளியே விட்டாயிற்று. காலையில் ஒரு சொம்பு பிடித்துக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தேன். ருசி என்று ஒன்றுமே இல்லை. போர் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்குக்கு அதுவே புதிதாக இருக்கிறது.

செப்டம்பர் 15

துவரம்பருப்பை மழைத் தண்ணீரில் வேகவைத்தேன். ஐந்து விசில் விடுகிற இடத்தில் மூன்றே விசில், குழைந்துவிட்டது. இவ்வளவு நாளும் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டி எவ்வளவு கேஸ் எரித்திருக்கிறேன்! அத்தை குக்கர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. களிக்கு வைக்கிற உலையையும் அந்தக் குடத்திலிருந்தே மொண்டு ஊற்றினார்.

செப்டம்பர் 30

பதினைந்து நாளாக ஆர்.ஓ. ஸ்விட்ச் போடவில்லை. மூன்றாவது டேங்க்குக்குச் சீட்டுப் பணம் வரட்டும் என்று இருக்கிறோம்.

சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா அளவு டேப்போடு வந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் வீட்டு மாடி 520 சதுர அடி.