கிழக்கு ஹார்லெமில் கவிதை ஒலித்த இடங்கள்

நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் லெக்சிங்டன் அவென்யூவும் 111ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. ஸ்போக்கன் வேர்ட், அதாவது மேடையில் குரலால் நிகழ்த்தும் கவிதைமேல் பிரியம் உள்ளவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்பேன்.

1969இல் யங் லார்ட்ஸ் என்ற, கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைப் பூர்வீகமாகக் கொண்ட இளைஞர்களின் அமைப்பு, ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போட இங்கே இடம் கேட்டது. நிர்வாகம் மறுத்துவிட்டது. டிசம்பர் கடைசியில் இளைஞர்கள் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். 11 நாள் கட்டடம் அவர்கள் கையில் இருந்தது. காலை உணவு போட்டார்கள், மருத்துவப் பரிசோதனை செய்தார்கள், வகுப்பு எடுத்தார்கள். வியட்நாம் போருக்குப் போய்வந்த பெத்ரோ பியேத்ரி தன் 'புவேர்ட்டோ ரிக்கன் ஒபிச்சுவரி' கவிதையை இங்கே வாசித்தார். ஓயாமல் உழைத்து, கடனோடு செத்துப்போகும் ஐந்து பேருக்கான இரங்கல் அது. ஐந்து பேரையும் பெயர் சொல்லித் திரும்பத் திரும்ப அழைப்பார். அச்சில் அது வெறும் பட்டியல். அந்தக் கூடத்தில் கேட்டவர்களுக்கோ அப்பாவும் சித்தியும் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

நான் போனபோது கதவு பூட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, அவர் குரல் பதிவைப் போனில் முழுசாகக் கேட்டேன். தொண்டை அடைத்தது.

அப்புறம் வடமேற்கே நடந்து மார்கஸ் கார்வி பூங்காவுக்குப் போனேன். 1968 மே 19, கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் பிறந்த நாளில், 'தி லாஸ்ட் போயட்ஸ்' குழு இங்கேதான் பிறந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறேழு வாரம்தான் ஆகியிருந்தது. மேளத்தோடு கவிதை சொன்ன அவர்களைத்தான் ராப் பாடகர்கள் பலரும் முன்னோடிகள் என்கிறார்கள்.

அன்று இரவு ஒரு சின்ன அரங்கில் ஸ்லாம், அதாவது மேடையில் கவிதை சொல்லி மார்க் வாங்கும் போட்டி. ஆளுக்கு மூன்று நிமிடம். பார்வையாளர்களிலேயே ஐந்து பேர் நடுவர்கள். கவிதைக்கு மார்க் போடுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் மார்க் குறைந்தால் கூட்டமே கவிஞருக்காகச் சண்டைக்குப் போகிறது, அது பிடித்திருந்தது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்த தன் அம்மாவைப் பற்றி ஒரு பெண் பேசினாள். அவள் இறங்கியதும் வாடகைதாரர்களுக்கான மனு ஒன்று கையெழுத்துக்காக வரிசைகளில் சுற்றி வந்தது. காலை உணவுக்குப் பக்கத்திலேயே கவிதை ஒலித்த அந்தத் தேவாலயத்தின் வழக்கம் இன்னும் சாகவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

போக நினைப்பவர்கள் 6 நம்பர் ரயிலில் 110ஆம் தெரு நிலையத்தில் இறங்குங்கள். தேவாலயம் ஒரு தெரு தள்ளி. பியேத்ரியின் குரலை மட்டும் முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.