அப்பாவின் கட்டிலருகே 'தி ரோட்'

அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' நாவலை எடுத்தேன். 2006இல் வந்தது, அடுத்த வருடமே புலிட்சர் பரிசு. ஏற்கெனவே இரண்டு முறை தொடங்கி இருபது பக்கத்தில் மூடிவைத்த புத்தகம். பையில் கிடந்தது அது ஒன்றுதான்.

முதல் இரவு, 12 பக்கம். எரிந்து சாம்பலாகிப்போன அமெரிக்கா. பெயரில்லாத அப்பாவும் மகனும் ஒரு தள்ளுவண்டியோடு தெற்கே கடலை நோக்கி நடக்கிறார்கள். துப்பாக்கியில் இரண்டே குண்டு. பேச்சுக்கு மேற்கோள் குறி கிடையாது. யார் பேசுவது என்று பார்க்க நாலு வரி பின்னால் போக வேண்டியிருந்தது. எரிச்சல்தான்.

மூன்றாம் நாள் ஒரு வசதி பிடிபட்டது. அத்தியாயங்களே இல்லை, எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள். நர்ஸ் சலைன் மாற்ற வந்தால் அந்தத் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் இன்னொன்று. இவ்வளவு இருட்டான கதையில் அந்த மனிதன் பெரும்பாலும் கைவேலைதான் செய்கிறான். வண்டிச் சக்கரம் ஆடுகிறது. போல்ட்டைக் கழற்றி, கைத்துரப்பணத்தால் துளையைப் பெரிதாக்கி, குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி மாட்டுகிறான். அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். எனக்கும் அந்த வாரம் முழுக்க மாத்திரை எண்ணுவது, ஆக்ஸிஜன் அளவைத் தாளில் குறிப்பது, இவ்வளவுதான் வேலை. அழுகையைப் பற்றி எழுதியிருந்தால் மூடி வைத்திருப்பேன்.

ஐந்தாம் நாள் சறுக்கல். ஒரு வீட்டின் நிலவறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றிப் படித்துவிட்டு விடியும்வரை தூக்கமில்லை. அதோடு ராத்திரிப் படிப்பு ரத்து.

எட்டாம் நாள், பதுங்கு அறை. யாரோ தரைக்கடியில் டின் டின்னாகச் சாப்பாடு சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேரிக்காய் டின் ஒன்றைத் திறக்கிறார்கள். முகம் தெரியாத அந்த ஆட்களுக்குப் பையன் நன்றி சொல்கிறான். சரி, இதற்காகவாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது.

பதினோராம் நாள் அப்பாவுக்கு முகமூடியைக் கழற்றினார்கள். "என்னடா படிக்கிறே?" என்றார். சாம்பலை எல்லாம் விட்டுவிட்டுப் பேரிக்காய் டின்னை மட்டும் சொன்னேன்.

"அப்புறம்?"

புத்தகத்தில் அந்தத் தகப்பனுக்கு இருமல் முற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் அதுவரைக்கும் போகலப்பா" என்றேன். 40 பக்கம் பாக்கி.